பிக்கப் வண்டித் தொட்டிக்கு ஸ்ப்ரே லைனர்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொலேரோ பிக்கப், குட்டி யானை, தோஸ்த், அப்புறம் இப்போது நம் பக்கமும் ஒன்றிரண்டு கண்ணில் படுகிற வி-கிராஸ், ஹைலக்ஸ். இந்த வண்டிகளின் பின்தொட்டிக்குள் ரப்பர் மாதிரி கெட்டியாக ஒரு பூச்சு அடிக்கிறார்களே, அது வேண்டுமா வேண்டாமா, அடித்தால் எதை அடிப்பது என்று கேட்டுப் பட்டறைக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். காரைக்குடியிலிருந்து வந்தாலும் தேவகோட்டை, கானாடுகாத்தானிலிருந்து வந்தாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். இவை பெயிண்ட் வேலை பார்க்கிறவன் சொல்லும் பதில்கள். லைனர் விற்கிறவரிடம் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லுவார்.

அண்ணே, இதுவும் பெயிண்ட்தானே? எதற்கு இத்தனை பேச்சு?

தெளித்து அடிப்பதால் அப்படித் தோன்றுகிறது. கம்பெனியிலிருந்து வரும் பெயிண்ட், எல்லா கோட்டும் சேர்த்தே 0.1 மி.மீ, கூடிப்போனால் 0.15 மி.மீ இருக்கும். ஸ்ப்ரே லைனர் 1.5 மி.மீ முதல் 3 மி.மீ வரை. இரண்டு திரவம் இருக்கும், ஒன்று ஐசோசயனேட், மற்றது பிசின். இரண்டும் ஸ்ப்ரே கன்னில் கலந்து வெளியே வந்து தகட்டில் விழுந்ததும் வேதிவினை நடந்து கெட்டியாகிவிடும். தின்னர் ஆவியாகிப் போவதால் காய்கிற சங்கதி இல்லை இது. ஜாயின்ட் எதுவும் இல்லாத ஒரே தோலாகத் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், தட்டினால் தகரச் சத்தம் வராது, தண்ணீர் அடியில் போக வழி இருக்காது. வேலை ஒழுங்காக நடந்திருந்தால்.

என் வண்டிக்கு இது தேவையா?

என்ன லோடு ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அதை எப்படி இறக்குகிறீர்கள் என்பது.

புதுவயல் அரிசி ஆலைக்கு ஓடுகிற வண்டி என்று வையுங்கள். லோடுமேன் சிப்பத்தைத் தொட்டி விளிம்பில் போட்டுவிட்டு, கொக்கியைக் குத்தி உள்ளே இழுப்பார். சொரசொரப்பான லைனரில் பிளாஸ்டிக் சாக்கு நகராது. பலம் கொண்டு இழுத்தால் சாக்கின் அடிப்பக்கம் நூல் நூலாகப் பிரிந்துவிடும். அரிசி கொட்டும், லோடுமேன் உங்களைத்தான் திட்டுவார். இந்த மாதிரி ஓட்டத்துக்கு லைனர் அடித்தே ஆகவேண்டும் என்றால், தரையை வழவழப்பாக அடிக்கச் சொல்லுங்கள், பின் டோர் ஓரத்தில் ஆள் ஏறி நிற்கிற ஒரு அடி அகலத்துக்கு மட்டும் சொரசொரப்பு போதும். இதைச் சொன்னால் அடிக்கிறவர் முகம் சுளிப்பார், இரண்டு தடவை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைக்க வேண்டும் என்பதால். சுளிக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல் ஏற்றுகிறவர்களுக்கு நேர்மாறு. கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து எடுக்கிற சிமென்ட் கல் அது, முகம் பளபள என்று இருக்கும், முனை மட்டும் சட்டென்று உடையும். நிறுத்தி அடுக்கி, நடுவில் வைக்கோல் வைத்துத்தான் கொண்டுபோகிறார்கள். பெயிண்ட் தேய்ந்த வழுக்குத் தகட்டில் பிரேக் அடிக்கும்போது முழு அடுக்கும் முன்னால் நகர்ந்து, கேபின் பக்கத்து வரிசையில் ஏழெட்டுக் கல்லுக்கு முனை போயிருக்கும். லைனர் அடித்த தரையில் அந்த நகர்வு பெரும்பாலும் நின்றுவிடும், ரோட்டுப் பள்ளத்தின் அதிர்வும் கொஞ்சம் குறையும். லைனரால் நேரடியாகக் காசு மிச்சமாகிற லோடு எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பழைய சாமான்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குத் தூண், நிலை, கதவு, பெட்டகம் என்று ஏற்றுகிறவர்கள் லைனரின் சொரசொரப்பை நம்பி மரத்தை அதன் மேல் இழுத்துவிடக்கூடாது. பர்மா தேக்கில் விழும் கீறலை வாங்குகிறவர் முதலில் பார்ப்பார். லைனர் இருந்தாலும் பழைய ஜமுக்காளமோ கோணிச் சாக்கோ விரித்தே ஆகவேண்டும்.

மீன் வண்டி, யோசிக்கவே வேண்டாம், அடியுங்கள். தொண்டி, ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிவரும்போது உப்புத் தண்ணீர் வழியெல்லாம் தொட்டித் தரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்பாட் வெல்டிங் இடுக்கில் போய்த் தங்கி, வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டிருக்கும். உர வண்டிக்கும் இதே கதைதான், குறிப்பாகப் பொட்டாஷ். அதில் இருக்கும் குளோரைடு உப்பு மாதிரியே தகட்டைத் தின்னும்.

ஜல்லி, எம்.சாண்ட், செங்கல் ஓடுகிற வண்டியா? அடிக்காதீர்கள். மண்வெட்டி விளிம்பால் தினமும் சுரண்டி இறக்குகிற தரையில் எந்த லைனரும் கிழியும். கல் விழுந்து தகடு ஒடுங்குவதையும் லைனர் தடுக்காது, தகட்டோடு சேர்ந்து அதுவும் குழியும், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது செக்கர் பிளேட், அதாவது மேலே மேடு மேடாக அச்சுள்ள கெட்டி இரும்புத் தகடு.

கல்யாண வீட்டுச் சாமான், சமையல்காரர் அண்டா, டேக்சா மாதிரி லோடுகளுக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது. சத்தம் குறையும், பித்தளை ஒடுங்குவது குறையும். ஒரு நல்ல ரப்பர் மேட்டும் இதையே செய்யும்.

பாலியூரியா நல்லதா, பாலியூரித்தேன் நல்லதா?

இரண்டிலும் ஒரு பக்கம் ஐசோசயனேட்தான். மறுபக்கத்தில் அமீன் வகைப் பிசின் இருந்தால் பாலியூரியா, பாலியால் இருந்தால் பாலியூரித்தேன். இரண்டையும் கலந்த ஹைப்ரிட் சரக்கும் உண்டு, பாலியூரியா என்று சொல்லி விற்கப்படுவதில் ஹைப்ரிட்டும் கணிசம்.

தூய பாலியூரியா சில நொடிகளில் இறுகிவிடும். அதனால் அதைச் சாதாரண கம்ப்ரஸரில் அடிக்க முடியாது, இரண்டு திரவத்தையும் 65 முதல் 80 டிகிரி வரை சூடாக்கி, ஏறக்குறைய 2000 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் கன்னுக்குள் மோதவிடும் தனி மெஷின் வேண்டும். காற்றில் ஈரம் இருந்தாலும் அதற்கு அவ்வளவாகக் கவலையில்லை. பாலியூரித்தேன் மெதுவாக இறுகும், இறுகுவதற்குள் ஈரம் பட்டால் ஐசோசயனேட் அந்தத் தண்ணீரோடு வினை புரிந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடும், பூச்சுக்குள் குமிழ் குமிழாக நிற்கும். மறுபக்கம், மெதுவாக இறுகுவதால் தகட்டின் கீறல்களுக்குள் நன்றாக இறங்கிப் பிடிக்க அதற்கு நேரம் கிடைக்கிறது. கொஞ்சம் மெத்தென்றும் இருக்கும், சாமான் வழுக்காது.

மீனுக்கும் உரத்துக்கும் பாலியூரியா. கல், மரச்சாமான், பாத்திரத்துக்கு நல்ல பாலியூரித்தேன் தாராளமாகப் போதும். ஆனால் தகட்டுத் தயாரிப்பை மட்டமாகச் செய்துவிட்டு அடித்த உசத்திப் பாலியூரியாவைவிட, நன்றாகத் தேய்த்த தகட்டில் அடித்த நடுத்தரப் பாலியூரித்தேன் கூடுதல் நாள் நிற்கும். இதைப் பற்றிக் கீழே விலாவாரியாக இருக்கிறது.

ரைனோ, லைன்-எக்ஸ் என்கிறார்கள், ராப்டர் என்கிறார்கள், எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ரைனோ லைனிங்ஸ், லைன்-எக்ஸ் இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள், அவர்களிடம் பயிற்சி பெற்றவர் தகுந்த மெஷினில் அடிக்கிற கெட்டிப் பூச்சு. ராப்டர் என்பது யு-போல் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் சரக்கு, 2021-இல் அதை ஆக்ஸால்டா என்ற அமெரிக்கப் பெயிண்ட் கம்பெனி வாங்கிவிட்டது. பாட்டிலில் 750 மி.லி இருக்கும், அதில் 250 மி.லி ஹார்டனரை ஊற்றிக் குலுக்கி, பாட்டிலையே கன்னில் திருகி, எந்தப் பெயிண்ட் பட்டறையின் கம்ப்ரஸரிலும் அடித்துவிடலாம். நம் ஊரில் லைனர் அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் இதையோ இது மாதிரி வேறு பிராண்ட் பாட்டில் சரக்கையோதான் சொல்கிறார்.

மோசமான சரக்கு இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். எட்டரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குப் பக்கச் சுவர் உள்ள தொட்டி, உள்பரப்பு 90 சதுர அடிக்குக் கொஞ்சம் கீழே, அதாவது 8 சதுர மீட்டருக்குச் சற்று மேலே. தரையில் இருக்கும் மேடு பள்ள மடிப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். நாலு லிட்டர் கிட் முழுவதையும் அதன் மேல் பரப்பினால் ஈரமாக இருக்கும்போதே அரை மி.மீ வராது, காய்ந்தபின் இன்னும் குறையும். அதே தொட்டிக்கு 2 மி.மீ கெட்டிப் பூச்சு வேண்டுமென்றால் 16, 17 லிட்டர் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று கெட்டியான பெயிண்ட், மற்றது தோல். வி-கிராஸில் வார இறுதிக்குப் பை, சைக்கிள் ஏற்றுகிறவருக்கு முதலாவது போதும். தினம் ஒரு டன் ஏற்றுகிற பொலேரோவுக்குப் போதாது.

எத்தனை மி.மீ அடிக்கச் சொல்ல வேண்டும்?

தரைக்கு 2 முதல் 3, பக்கச் சுவருக்கு 1.5 போதும், பின் டோரின் மேல் விளிம்புக்குத் தரை அளவே வேண்டும், ஏனென்றால் சாமான் எல்லாம் முதலில் உரசுவது அங்கேதான். வெளிநாட்டுச் சரக்கின் தாளில் மில் கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 100 மில் என்றால் 2.5 மி.மீ. 60 மில் என்று எழுதியிருந்தால் 1.5 மி.மீ.

அடித்து முடித்தபின் தடிமனை எப்படிப் பார்ப்பது? ஒரு சின்ன வழி இருக்கிறது. வேலை தொடங்கும் முன் ஒரு ஜாண் தகட்டுத் துண்டைக் கொடுத்து, தொட்டிக்குச் செய்கிற எல்லா வேலையையும் அதற்கும் செய்து, தரை அடிக்கும்போது அதையும் தரையில் வைத்தே அடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதன் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் தடிமன் தெரியும். பிறகு கத்தி முனையால் ஒரு கீறல் போட்டு, விளிம்பைக் கிளப்பி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுங்கள். நல்ல வேலை என்றால் பூச்சு பிய்ந்து பிய்ந்து வரும், தகட்டில் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும். வாழைப்பழத் தோல் போல முழுசாக, அடியில் தகடு பளபளவென்று தெரிய உரிந்து வந்தால் வண்டியிலும் அதுதான் நடக்கப்போகிறது. தகட்டை மடித்தும் பாருங்கள், மடிப்பில் விரிசல் விடக்கூடாது.

வண்டி பழசு, அங்கங்கே துரு இருக்கிறது. லைனர் அடித்தால் மூடிவிடும் அல்லவா?

மூடும், கண்ணுக்கு. அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் சமாசாரம், அடியில் வளர வளரப் பூச்சை மேலே தள்ளும். துருவுக்குள் உப்பு தங்கியிருந்தால் காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொண்டு அது பாட்டுக்குப் பரவும். பெயிண்ட் அடித்த வண்டியில் துரு கிளம்பினால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், லைனர் அடித்த வண்டியில் தகடு ஓட்டையாகி, கீழே குனிந்து பார்க்கும்போதுதான் தெரியும். அதனால் துருவோடு லைனர் அடிப்பதைவிட அடிக்காமலே இருப்பது மேல் என்பேன்.

இத்தனைக்கும் நம் ஊரில்தான் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். உலோகம் ஏன் அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பது அங்கே நடக்கும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. கடற்காற்றில் இரும்பு என்ன ஆகிறது என்று பார்க்க மண்டபத்திலும் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. அந்த மதிலைத் தாண்டித்தான் தினமும் துருப்பிடித்த லோடு வண்டிகள் போய்வருகின்றன.

சரி, என்ன செய்யலாம்? மேலோட்டமான துரு என்றால் கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். தட்டினால் பொருக்காக உதிர்கிற துரு என்றால் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி போட்டு அடைத்துவிடுகிறேன் என்று டிங்கரிங் ஆள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், லோடு விழுகிற தரையில் பட்டி நிற்காது.

தயாரிப்பு தயாரிப்பு என்கிறீர்களே, பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

நம் ஊர்ப் பெரிய வீட்டுச் சுவரில் முட்டைப் பூச்சு நூறு வருஷம் தாண்டியும் பளிங்கு மாதிரி நிற்பது கடைசிப் பூச்சினால் மட்டுமா, அடியில் இருக்கிற ஒவ்வொரு பூச்சையும் தேய்த்துத் தேய்த்துப் போட்டதால்தானே. இங்கேயும் அப்படித்தான். ஒரு நாள் வேலையில் கன் பிடிப்பது ஒரு மணி நேரம்கூட இருக்காது, மீதி எல்லாம் தேய்ப்பும் துடைப்பும்.

வரிசை முக்கியம். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்ததும் தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் உப்புத்தாள். பலர் நேரே தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்படிச் செய்தால் தகட்டில் இருக்கிற கிரீஸையும் ஆயிலையும் கீறலுக்குள் அழுத்தித் தேய்த்துவிட்டதாக ஆகும், பிறகு எந்தப் பூச்சும் அங்கே பிடிக்காது. துடைக்கிற துணி புதிதாக இருக்கிறதா, கிரீஸ் கை துடைத்த பழைய பனியனா என்று பாருங்கள். அற்ப விஷயம் மாதிரித் தெரியும், உரிந்து வருகிற லைனர்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்று என் கணிப்பு.

தேய்த்து முடித்த தொட்டி முழுக்க மங்கலாக இருக்க வேண்டும். வெயிலில் சாய்ந்து பார்த்தால் எங்கேயாவது பளபளப்புத் தெரிகிறதா? மடிப்பு மூலை, கயிறு கட்டும் கொக்கிக்கு அடிப்பக்கம், டோர் கீல் ஓரம், இந்த இடங்களில்தான் விட்டுவிடுவார்கள். விட்ட இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள்.

தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மாஸ்கிங் டேப் அல்லது கார்க் வைத்து அடைத்து, அடித்ததும் திறந்துவிட வேண்டும். இதை மறந்து அடித்த வண்டியில் ஐப்பசி மழைக்குத் தொட்டி குளமாக நிற்கும். வெல்டிங் இடுக்குகளில் சீலன்ட் வைத்த பிறகே லைனர். பின் டோர் கழற்றித் தனியாக அடிக்க வேண்டும், மாட்டியபடியே அடித்தால் கீல் ஒட்டிக்கொள்ளும், முதல் தடவை திறக்கும்போதே அந்த ஓரம் கிழியும். பின்பக்க ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் ஒரு துளிகூடப் படக்கூடாது.

எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

மாசி பிறந்ததிலிருந்து ஆனி வரை. எல்லோரும் கேட்பது ஆயுத பூஜைக்கு முன்னால், அதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். பட்டறையில் வண்டி வரிசையில் நிற்கும், ஆள் அவசரத்தில் இருப்பார், வடகிழக்குப் பருவமழையும் அதை ஒட்டியே தொடங்கும். பிரைமர் அடித்துவிட்டுத் தலையைத் திருப்புவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். மார்கழிக் காலையில் தகட்டைத் தடவிப் பாருங்கள், பனி ஈரம் கையில் ஒட்டும். பனி படியும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் பொது விதி. அந்த மாதங்களில் வெயில் ஏறி, தகடு சுட ஆரம்பித்த பிறகே கன்னைத் தூக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் நேர் எதிர்த் தொல்லை. உச்சி வெயிலில் நின்ற தகட்டில் கை வைக்க முடியாது, பாட்டில் சரக்கு அதன்மேல் விழுமுன்பே பாதி காய்ந்து மணல் மணலாக நிற்கும். கொட்டகை நிழலில் காலை நேரம் அடிக்கச் சொல்லுங்கள். செம்மண் புழுதி பறக்கிற ரோட்டோரப் பட்டறை என்றால் சுற்றிலும் தார்ப்பாய் கட்டித் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்க வேண்டும், தெளித்த தண்ணீர் காய்ந்து காற்று தெளிந்த பிறகு அடிக்கலாம்.

கறுப்பு அடித்தால் சூடு ஏறாதா? வேறு நிறம் உண்டா?

ஏறும். கறுப்புத் தொட்டியில் மத்தியானம் வெறுங்காலோடு ஏறி நிற்க முடியாது. ஆடு, கன்று ஏற்றுகிறவர்களும் காய்கறி ஏற்றுகிறவர்களும் வெளிர்ச் சாம்பல் நிறம் கேளுங்கள். வேண்டிய நிறத்தைக் கலந்துகொள்கிற வகைப் பாட்டில் சரக்கும் கிடைக்கிறது.

நிறத்தோடு சேர்ந்த இன்னொரு கேள்வி வெளுப்பு. விலை குறைந்த அரோமாட்டிக் வகை, வெயிலில் சீக்கிரம் வெளுத்து மேலே சுண்ணாம்பு மாதிரிப் பொடி விடும். பலம் உடனே போய்விடாது, பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். அலிஃபாட்டிக் வகை நிறம் நிற்கும், விலை கூட. லோடு வண்டிக்கு அரோமாட்டிக் அடித்து, மேலே மெல்லிசாக ஒரு அலிஃபாட்டிக் கோட் கொடுத்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தார்ப்பாய் மூடியே ஓடுகிற வண்டிக்கு அதுவும் தேவையில்லை.

எடை கூடுமா? எஃப்.சி-யில் பிரச்சினை வருமா?

மேலே சொன்ன தொட்டிக்கு 2 மி.மீ அடித்தால் 17, 18 கிலோ ஏறும். ஒப்பிட்டுப் பாருங்கள், அதே தரைக்கு மட்டும் 3 மி.மீ செக்கர் பிளேட் போட்டால் நூறு கிலோவைத் தாண்டிவிடும்.

தொட்டிக்குள் அடிப்பதால் வண்டியின் நிறம் மாறியதாக ஆகாது. வெளியே கேபின், கதவு எல்லாம் சேர்த்து வேறு நிறத்தில் அடித்தால்தான் ஆர்.சி-யில் மாற்ற வேண்டிவரும். சேசிஸ் நம்பர், கம்பெனித் தகடு எதையும் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஆகும்?

சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்த விலையும் சொல்லலாம், பூச்சு எவ்வளவு மெல்லிசு என்பது நமக்குத் தெரியாதே. எந்தச் சரக்கு, எத்தனை லிட்டர் இறங்கும், துரு எடுப்பதும் பிரைமரும் இதில் சேர்ந்ததா, டோர் கழற்றி மாட்டுவது யார் கணக்கு, இந்த நாலையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு பேரிடம் வாங்கி லிட்டரால் வகுத்துப் பார்த்தால் மலிவு எது என்று தானே தெரியும், பல நேரம் முதலில் மலிவாகத் தெரிந்தது விலை கூடியதாக இருக்கும். காலி கேன்களை எண்ணிப் பார்க்கவும் தயங்க வேண்டாம்.

மொட்டைமாடிக்குப் பாலியூரியா அடிப்பவர் குறைந்த விலைக்கு அடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

மெஷின் அதே வகைதான், சரக்கும் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அவர் கை பழகியது சிமென்ட் தளத்தில். சிமென்ட் பிரைமர் வேறு, இரும்பு பிரைமர் வேறு. இரும்புக்கு என்ன பிரைமர் போடுவீர்கள், அடித்து எத்தனை மணி நேரத்துக்குள் மேல் பூச்சு வரவேண்டும் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் கொடுக்கலாம். சாம்பிள் தகடு கட்டாயம்.

பிளாஸ்டிக் லைனர், ரப்பர் மேட் இவையெல்லாம்?

வார்ப்பாக வந்து தொட்டிக்குள் உட்காரும் பிளாஸ்டிக் லைனர் வி-கிராஸ் மாதிரி வண்டிகளுக்குக் கிடைக்கிறது. மாட்டுவது சுலபம், தகடு ஒடுங்குவதை ஸ்ப்ரேயைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் வழுக்கும். அதற்கும் தகட்டுக்கும் நடுவில் புழுதியும் தண்ணீரும் புகுந்து, வண்டி ஆட ஆட அது உப்புத்தாள் மாதிரி பெயிண்ட்டைத் தேய்த்துவிடும்.

ரப்பர் மேட்டை நான் பாதிப் பேருக்குப் பரிந்துரைக்கிறேன், வருமானம் போகிறது என்றாலும். கழற்றி உதறலாம், கழுவலாம், கிழிந்தால் வேறு வாங்கலாம், வண்டி விற்கும்போது வாங்குகிறவர் தகட்டைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை தூக்கி அடியில் காயவிட வேண்டும், அதைச் செய்கிற ஆளா நீங்கள் என்பதுதான் கேள்வி.

நானே வீட்டில் அடித்துக்கொள்ளலாமா?

பாட்டில் சரக்கை அடிக்கலாம், கை ஓரளவு பழகியவர் என்றால். காற்றழுத்தம் கூடினால் புள்ளி நுணுக்கமாகும், குறைத்தால் பெரிதாகும், அட்டையில் அடித்துப் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு வாருங்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். ஐசோசயனேட் புகை மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும், ஆயுளுக்கும். கர்ச்சீப் கட்டுவதும் துணி மாஸ்க்கும் இதற்கு ஒன்றும் செய்யாது. கரி ஃபில்டர் வைத்த முழு மாஸ்க், கண்ணாடி, கையுறை, திறந்த இடம் வேண்டும். மெஷினில் அடிப்பவர்கள் வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் போட வேண்டும். வீட்டு முகப்பில், வளவில் வைத்து அடிக்கிற வேலை இல்லை இது, உள்ளே ஆச்சி, குழந்தைகள் இருப்பார்கள்.

அடித்த எத்தனை நாளில் லோடு ஏற்றலாம்?

பாலியூரியா என்றால் மறுநாள் லேசான லோடு போகலாம். பாட்டில் சரக்குக்கு முதல் நாள் தண்ணீரே படக்கூடாது, இரண்டு மூன்று நாள் கழித்து லேசான சாமான், கனமான லோடுக்கு ஒரு வாரம். தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், அதை நம்பி ஏற்றினால் சாக்கின் அச்சு அப்படியே விழுந்துவிடும்.

பிறகு வெல்டிங் வைக்க வேண்டி வந்தால்?

லோடு வண்டி என்றால் ஒரு நாள் வரத்தான் செய்யும். வெல்டிங் விழும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை முதலில் சீவி எடுத்துவிடச் சொல்லுங்கள், தகட்டின் மறுபக்கத்தில் பற்றவைத்தாலும் இதே ஏற்பாடுதான். எரிகிற லைனர் புகை விஷம். வேலை முடிந்ததும் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பழைய பூச்சின் விளிம்பையும் சொரசொரப்பாக்கி, ஒட்டுப் போடலாம். ஒட்டுத் தெரியும்.

கழுவுவது எப்படி?

சாதாரண சோப்பும் தண்ணீரும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைப் பூச்சின் விளிம்புக்கு நேராக, நெருக்கிப் பிடிக்க விடாதீர்கள், அங்கே ஆரம்பிப்பதுதான் உரிந்துகொண்டு போகும். டாஷ்போர்டுக்குப் போடுகிற சிலிக்கான் பாலிஷைச் சிலர் இதற்கும் போட்டுப் பளபளப்பாக்குகிறார்கள். தரை வழுக்கும், பின்னால் ஒட்டுப் போட வந்தால் எதுவும் பிடிக்காது. டீசல் சிந்தினால் துடைத்தால் போதும், பேட்டரி ஆசிட் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பழைய லைனர் உரிந்துவிட்டது. அதன் மேலேயே அடிக்கலாமா?

உரிந்த ஓரத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள். ஒரு அடி தூரத்துக்குள் நின்று, அதற்கு மேல் வரமாட்டேன் என்றால், நின்ற இடத்தைச் சீவித் தேய்த்து மேலே அடிக்கலாம். போர்வை மாதிரி வந்துகொண்டே இருந்தால் முழுவதையும் எடுத்தாக வேண்டும். ஹீட் கன் வைத்துச் சூடாக்கி, இறுக்கமான பட்டித் தகட்டால் கிளப்புவார்கள், ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும், அதற்குத் தனிக்கூலி கேட்பதில் தப்பில்லை. எடுத்த பிறகு தகட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யுங்கள். ஓட்டை இருந்தால் லைனர் காசைத் தகட்டு வேலைக்குத் திருப்பிவிட்டு, மேலே ஒரு ரப்பர் மேட் போட்டு ஓட்டுங்கள்.